காக்கா கம்பெனிக்கு ஒரு பங்காளி

இதில் வருகிற புளுகில் ஒரு சொட்டுகூட என்னுடையது கிடையாது. முழுக்க முழுக்க என் சகலை குற்றாலிங்கத்தின் சொந்தத் தயாரிப்பு. என் மனைவி ஆவுடையம்மாளின் அக்கா புருஷன் அவர், தென்காசிக்காரர். நான் வெறும் டிரைவர். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். எதிரே என்ன வருகிறதோ அதைத்தான் சொல்லத் தெரியும். வராத லாரியை வருகிறது என்று சொல்ல என் வாய் கூசும்.

ஆனி மாசக் கடைசியில் ரிட்டையர் ஆனேன். மாலை போட்டு, சால்வை போர்த்தி, திருநெல்வேலியில் என் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து யோசனைக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். ரிட்டையர் ஆனவன் வாசலில் என்ன எழுதி ஒட்டியிருக்குமோ தெரியவில்லை, தெருவில் போகிறவன் எல்லாம் உள்ளே வந்து ஒரு தொழில் சொல்லிவிட்டுப் போனான். ஆடு வளருங்கள் என்றான் ஒருத்தன். ஆட்டுக்குப் பின்னால் யார் நடக்கிறது? தண்ணீர்க் கேன் ஏஜென்சி எடுங்கள் என்றான் இன்னொருத்தன். கேனை யார் தூக்குகிறது? கியர் போட்டுப் போட்டு என் இடுப்பு எனக்கே சொந்தமில்லாமல் போய்விட்டது. என் ஆசை ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்திருக்கிற நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் பணம் வர வேண்டும். இதைச் சொன்னால் ஆவுடை சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவ்வளவு ஆசை எனக்கு அதில்.

ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னால் குற்றாலிங்கம் போன் பண்ணினார். ஒரு தொழில் கையில் இருக்கிறது, பணம் தானாகப் பறந்து வந்து மடியில் உட்காரும், ஒரு பங்காளிதான் தேவை, யாரிடமும் மூச்சு விடாதீர் என்றார். நான் ஆவுடையிடம்கூட மூச்சு விடவில்லை. அமாவாசையன்று காலையில் ஆற்றில் முழுகி, செத்துப்போன அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்ததும், முதல் வேலையாக ஒரு செக்கில் கையெழுத்துப் போட்டேன். பேரும் தொகையும் எழுதாமல் டிவிக்கு மேலே வைத்தேன். ரிட்டையர் ஆனபோது வந்த பணம் மொத்தமும் அந்தக் கணக்கில்தான் கிடந்தது.

பத்து மணிக்குக் குற்றாலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா. மூன்றிலும் மை இருக்காது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் பின்னாலேயே கிதியோன் வந்தார். கிதியோன் என் பஸ்ஸில் பதினாலு வருஷம் கண்டக்டராக இருந்தவர். எனக்கு முன்னால் ரிட்டையர் ஆனவர். யார் எதைச் சொன்னாலும் சில்லறை சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொள்வார். விசேஷ நாளில் எங்கள் வீட்டுச் சாப்பாடு அவருக்கு வழக்கம்.

பன்னிரண்டு மணிக்குச் சமையல் முடிந்தது. சாம்பார், அவியல், வாழைக்காய்ப் பொரியல், உளுந்த வடை, பாயசம். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒரு துண்டு இலையில் வைத்து, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கொண்டுபோய் வைத்துக் காக்காவைக் கூப்பிட்டேன். செத்துப்போனவர்கள் காக்கா ரூபத்தில் வந்து சோறெடுக்க வேண்டும். அது எடுத்த பிறகுதான் வீட்டில் இருக்கிறவன் பல்லில் ஒரு பருக்கை படலாம். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் சலுகையே கிடையாது.

காக்கா வரவில்லை. ஆடி அமாவாசையன்று ஊரில் எந்த மாடியைப் பார்த்தாலும் ஓர் இலை இருக்கிறது. தெரு முனையிலேயே அதற்கு வயிறு நிறைந்துவிடுகிறது. பன்னிரண்டரை ஆயிற்று, ஒன்று ஆயிற்று. நான் நாலு தடவை மாடி ஏறி இறங்கினேன். கிதியோன் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்குக் காக்கா கட்டாயம் இல்லை. அவருக்கு மட்டும் இலை போடுகிறேன் என்று ஆவுடை சொன்னாள். நீங்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தொண்டையில் இறங்காது என்று அவரும் எங்களோடு பட்டினி கிடந்தார். எனக்கோ சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும்.

அந்த நேரம் பார்த்துத்தான் குற்றாலிங்கம் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, இந்த வீட்டு நிலைமையைப் பார்த்தால் என் தொழிலின் அருமை புரிகிறதா என்று கேட்டார். என்ன தொழில் என்று கேட்டோம்.

"காக்கா வாடகைக்கு விடுதேன்" என்றார்.

கிதியோன் என்னைப் பார்த்தார். நான் டிவியைப் பார்த்தேன். ஆவுடை நான் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டாள். நேரே போய்ச் செக்கை எடுத்து, என் கையெழுத்தைப் படித்து, திரும்ப அதே இடத்தில் வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். சத்தமே போடவில்லை.

"நல்ல தொழில்தான் அத்தான்" என்றாள். "நீங்க கூப்பிட்டா வரும்னா இன்னைக்கு நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வரட்டும். அது சோறெடுத்துட்டா, செக்குல உங்க பேரை நானே எழுதித் தாறேன். எடுக்கலன்னா சாப்பிட்டுட்டு ஊருக்குக் கிளம்புங்க."

அதற்கென்ன, அரை மணி நேரத்தில் அழைத்துவிடுகிறேன், அதற்கு முன்னால் பங்காளிக்குத் தொழில் விவரம் தெரிய வேண்டாமா என்றார் குற்றாலிங்கம். ஆவுடை அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் ஆரம்பித்தார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை அமாவாசையன்று, சென்னையில் ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போயிருந்தாராம். பதினாலாவது மாடி. அவ்வளவு உயரத்துக்கு எந்தக் காக்கா வரும்? பொழுது சாயப் போகிறது, அந்த வீட்டில் இன்னும் ஒருத்தரும் சாப்பிடவில்லை. கூட்டாளியின் மாமனார் பசியில் மயங்கிச் சுவரைப் பார்த்து யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார். குற்றாலிங்கம் பால்கனிக்குப் போய், தென்காசியில் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படி ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கா என்றாராம். தாம்பரத்தில் எச்சில் இலை பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு காக்கா அதைக் கேட்டுவிட்டு நேரே வந்து இறங்கிற்றாம். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான், மேல்வீட்டுக்காரன் பார்த்தான். விட்டார்களா?

"அந்த ஒத்தக் காக்கா அன்னைக்கு இருபத்தெட்டு வீட்டுல சோறெடுத்துச்சு வே. இருபத்தெட்டு வீட்டுக்காரனும் என் சட்டைப்பையில நோட்டைத் திணிக்கான். நான் கேக்கவே இல்ல. வேண்டாம் வேண்டாம்ங்கேன், திணிக்கான். காக்காவுக்குச் சாப்பாடும் அவனே போடுதான், கூலியும் அவனே தாறான். முதலே இல்லாத தொழில் உலகத்துல இது ஒண்ணுதான்."

முதலே இல்லாத தொழிலுக்கு எதற்குப் பங்காளி என்று கிதியோன் கேட்டார். பொறும், வரும் என்றார் குற்றாலிங்கம்.

ஊருக்கு வந்ததும் பன்னிரண்டு காக்காவைப் பொறுக்கி எடுத்துப் பழக்கினாராம். பன்னிரண்டையும் ஓலைப்பெட்டியில் உட்காரவைத்து, தென்காசியில் ரயில் ஏறினார். வழியில் டிக்கெட் பரிசோதகர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்னார். பன்னிரண்டும் தலையை நீட்டி அவருக்கு வணக்கம் வைத்தன. இதற்கெல்லாம் டிக்கெட் எங்கே என்று கேட்டார் அவர். இவர் அசரவில்லை. கைக்குழந்தைக்கு டிக்கெட் உண்டா என்று திருப்பிக் கேட்டார். இல்லை என்றார் அவர். அப்படியானால் இந்தப் பன்னிரண்டில் மூன்று வயசு தாண்டியது ஒன்றுகூடக் கிடையாது. பரிசோதகர் போய்விட்டார்.

இந்த இடத்தில் கிதியோனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. அவர் வாழ்க்கையில் எதை வேண்டுமானாலும் பொறுப்பார், டிக்கெட் இல்லாமல் ஏறுவதைப் பொறுக்க மாட்டார். கோழிக்கூடைக்கே லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கிழித்துக் கொடுத்தவன் நான், காக்காவை எப்படிச் சும்மா விட்டான் என்று எழுந்தே விட்டார்.

"கோழிக்கு ரேட்டு உண்டும். காக்காவுக்கு உம்ம புஸ்தகத்துல என்ன ரேட்டு வே?" என்று கேட்டார் குற்றாலிங்கம்.

கிதியோன் கண்ணை மூடி மனசுக்குள் ரேட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கோழி, வாத்து, வான்கோழி எல்லாம் வந்தன போலிருக்கிறது. காக்கா வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பதினாலு வருஷத்தில் கிதியோன் வாயடைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. இவ்வளவு விவரமான ஆள் நடத்துகிற தொழில் வீணாகப் போகுமா என்று தோன்றிற்று. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தேன்.

சென்னையில் தொழில் பிடித்துக்கொண்டது. ஒரு போன் பண்ணினால் போதும், காக்கா பால்கனிக்கு வந்துவிடும். சாதாக் காக்கா என்றால் வரும், தின்னும், போகும். ஸ்பெஷல் காக்கா மூன்று தடவை கரைந்துவிட்டு, தின்று முடித்ததும் அலகைச் சுவரில் துடைத்துவிட்டுப் போகும். அதற்குமேல் ஒரு வகை உண்டு. அது சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, உப்புக் குறைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்தக் காக்காவுக்கு மாமியார்களிடம் பயங்கரக் கிராக்கி. மருமகள் சமைத்த இலையைத் தொடக் கூடாது என்று மாமியார் ரகசியமாகப் போன் பண்ணி ஒரு தொகை தருவாளாம். கால் மணி நேரம் கழித்து மருமகள் போன் பண்ணி, இலையையும் சேர்த்துத் தின்ன வேண்டும் என்று அதைவிடப் பெரிய தொகை தருவாளாம். இரண்டு தொகையையும் இவர் வாங்கிக்கொள்வார். அப்புறம் காக்கா என்ன பண்ணும் என்று கேட்டேன்.

"பாதி திங்கும். பாதியில முகத்தைத் திருப்பும். நம்ம வாங்குன காசுக்கு நேர்மையா இருக்கணும்லா சகல."

கிதியோன் தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறாரா பசியா என்று தெரியவில்லை. அடுக்களையிலிருந்து வடைச் சட்டியின் வாசனை வந்துகொண்டிருந்தது. மாடிக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இலையில் சோறு காய்ந்து கிடந்தது. எறும்பு மட்டும்தான் வந்திருந்தது. திரும்பி வந்தபோது குற்றாலிங்கம் இன்னும் மேலே போய்விட்டிருந்தார்.

சாதாரணக் காக்கா போதாது, எங்கள் அப்பா மாதிரியே இருக்கிற காக்காதான் வேண்டும் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்களாம். அப்பா நொண்டி என்றால் நொண்டுகிற காக்கா. அப்பா முன்கோபி என்றால் வந்ததும் இலையை ஒரு தட்டுத் தட்டிவிடுகிற காக்கா. மயிலாப்பூரில் ஒரு வீட்டில் நாலு அண்ணன் தம்பி. சொத்துத் தகராறில் இருபது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் அப்பா மூக்குப்பொடி போடுகிறவர். குற்றாலிங்கம் ஒரு காக்காவுக்குப் பொடி போடக் கற்றுக்கொடுத்து அனுப்பினார். அது இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த டப்பாவை அலகால் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து, இழுத்து, நாலு பேரையும் பார்த்து ஒரு தும்மல் போட்டதாம். நாலு பேரும் அப்பா என்று அழுதுகொண்டு அது காலில் விழுந்துவிட்டார்கள். அன்றைக்கே பாகப் பத்திரம் எழுதி, காக்காவை அதன்மேல் ஒரு நடை நடக்கவிட்டு, அந்தக் கால்தடத்தையே அப்பாவின் கைநாட்டாக வைத்துப் பதிந்துவிட்டார்களாம்.

பதிவு ஆபீசில் ஒத்துக்கொண்டார்களா என்று கிதியோன் கேட்டார். ஏன் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், உயிரோடு இருக்கிறவன் கையெழுத்தே சரியாக விழுவதில்லை, இதில் நாலு விரலும் சுத்தமாக விழுந்திருந்தது என்றார் இவர்.

எனக்குத் தலை கிர்ரென்றது. சர்க்கரைதான் இறங்குகிறதோ, அல்லது பணக்காரன் ஆகப் போகிற மயக்கமோ, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் சத்தியம். இதில் பாதி பொய் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது. மீதிப் பாதி உண்மையாக இருந்துவிடாதா என்று ஏங்கிக்கொண்டிருந்தேன். முப்பத்தொரு வருஷம் கண்டவன் ஏறி இறங்க உழைத்தவனுக்கு ஒரு காக்கா உழைத்துப் போடக் கூடாதா?

தொழில் பெருத்ததும் தொல்லையும் வந்ததாம். அமாவாசைக்கு அமாவாசை ஒவ்வொரு காக்காவும் முந்நூறு வீட்டுப் பாயசம் குடிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டுக்கும் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. டாக்டரிடம் கொண்டுபோனார். பறப்பதை விட்டுவிட்டுத் தினமும் காலையில் நாற்பது நிமிஷம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மெரினா கடற்கரையில் பன்னிரண்டு காக்காவும் வரிசையாக, இறக்கையைப் பின்னால் மடக்கிக்கொண்டு, நடந்து போயினவாம். நடுவில் ஒன்று பறக்கப் பார்த்தால் முன்னால் போகிறது திரும்பி ஒரு முறை முறைக்குமாம். அந்த வழியாக நடக்க வந்த பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டார்களாம்.

எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று நான் கேட்டுவிட்டேன். பசியில் கேட்டுவிட்டேன். கிதியோன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். டிக்கெட் வாங்காமல் தூங்குகிறவனைப் பார்க்கிற பார்வை அது.

அப்புறம் துபாயிலிருந்து அழைப்பு வந்தது. காக்காவுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போட்டோ கேட்டார்களாம். பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு போட்டோ எடுத்தார், பன்னிரண்டு பிரதி போட்டார், வேலை முடிந்தது. ஆனால் விமானத்துக்குள் ஏற்ற மாட்டோம் என்றார்கள். சரி, இவர் உள்ளே ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார், காக்காக்கள் வெளியே கூடவே பறந்து வந்தன. நடுக்கடலில் மேகம் கவிந்து விமானிக்கு வழி தெரியவில்லை. இவர் ஜன்னலைத் தட்டிச் சைகை காட்டியதும், பன்னிரண்டும் முன்னால் போய் வழிகாட்டி, விமானத்தைத் துபாயில் கொண்டுபோய் இறக்கினவாம்.

மூடின ஜன்னலைத் தட்டினால் வெளியே பறக்கிற காக்காவுக்கு எப்படிக் கேட்கும் என்று கிதியோன் கேட்டார். நாம் தட்டினால் கேட்காதுதான், பழக்கின ஆள் தட்டினால் கேட்கும் என்று பதில் வந்தது.

கிதியோனுக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு சம்பாதித்த ஆள் எதற்காகக் காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தீர், எதற்காக இவர் செக்கு உமக்கு வேண்டும், அதை முதலில் சொல்லும் என்றார். நியாயமான கேள்வி. நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குற்றாலிங்கம் இதைத்தான் எதிர்பார்த்ததுபோல வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாசத்துக்கு ஒரு அமாவாசைதான வே வருது. மிச்ச நாளு பூரா காக்கா சும்மா உக்காந்து திங்குது. தொழில்ல இருக்கிற ஒரே ஓட்டை அதான். யோசிச்சேன். போன சித்திரைப் பௌர்ணமிக்கு, நம்ம குற்றாலத்து மலையில பத்தாயிரம் காக்காவைக் கொண்டுபோயி நிப்பாட்டினேன். நிலா தலையை நீட்டிச்சு. ஒரு விசில் அடிச்சேன். அம்புட்டும் றெக்கையோட றெக்கை ஒட்டி மேல போயி, நிலாவுக்கு முன்னால அப்பிடியே நின்னுட்டு. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல கேட்டீரா. ஊர்க்காரன் பூரா வாசலுக்கு வந்து அண்ணாந்து பாக்கான். நிலாவைக் காணும். நிலாவைக் காணும்னா என்ன? அமாவாசை. அமாவாசைன்னா என்ன வேணும்? காக்கா வேணும். விடியதுக்குள்ள நாப்பதாயிரம் ஆர்டர். காலண்டர் அடிக்கிறவன் எல்லாம் எங்க பொழப்பைக் கெடுக்காதீங்கன்னு என் வீட்டு வாசல்ல வந்து நிக்கான்."

கிதியோன் கணக்கில் இறங்கினார். விரலை மடக்கி ஏதோ எண்ணினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இருக்கிற காக்கா பூரா நிலாவை மறைச்சுக்கிட்டு மேல நின்னா, கீழ நாப்பதாயிரம் வீட்டுல சோறெடுக்க எது வே போச்சு?"

"அப்பிடிக் கேளும்" என்றார் குற்றாலிங்கம், மகா சந்தோஷமாக. "ஒண்ணுமே போகல. நாப்பதாயிரம் ஆர்டரும் கைவிட்டுப் போச்சு. அதான் ரெண்டாவது செட்டுக் காக்கா வேணும்ங்கேன். அதுக்குத்தான் சகல செக்கு."

நான் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு அது முழு நியாயமாகப் பட்டது. மேலே ஒரு செட்டு, கீழே ஒரு செட்டு, நடுவில் நாற்காலியில் நான். செக்கில் பேர் எழுதப் பேனாவை எடுக்கக் கை போயிற்று.

அடுக்களை வாசலில் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள். கையில் புது இலை. சுடச் சுடச் சோறு, சாம்பார், அவியல், பொரியல், இரண்டு வடை, ஒரு கரண்டிப் பாயசம். முதலில் வைத்த இலையை எறும்பு கொண்டுபோய்விட்டது, இது புது இலை என்றாள். மணி மூன்றாகப் போகிறது என்றும் சொன்னாள்.

"பத்தாயிரம் எல்லாம் வேண்டாம் அத்தான். ஒண்ணு போதும். மேல வாங்க."

எல்லோரும் மாடிக்குப் போனோம். இலையைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. நல்ல கொழுத்த காக்கா. காலையிலிருந்து தின்ற களைப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தது. அது வந்துவிட்டால் நான் முதலாளி. வராவிட்டால் நாளைக்குக் காலையில் ஆடோ தண்ணீர்க் கேனோ.

குற்றாலிங்கம் தொண்டையைக் கனைத்து, கா என்றார். காக்கா அசையவில்லை. கா கா என்றார். மூடியிருந்த கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, இன்னொரு கண்ணை மூடிக்கொண்டது. இது திருநெல்வேலிக் காக்கா, தென்காசிப் பேச்சுப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார். சரி என்று காத்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. புது வடையின் வாசனை எல்லோர் மூக்கிலும் ஏறிக்கொண்டிருந்தது. அவரும் விடியற்காலை வண்டி ஏறினவர், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொண்டையில் எச்சில் இறங்குவது எனக்கே தெரிந்தது.

"அதுக்குச் சந்தேகம்" என்றார் கடைசியில். "புது வீடுல்லா. சோத்துல எதுவும் கலந்திருக்கானோன்னு யோசிக்கும். நம்ம தின்னு காட்டினா நம்பி வந்துரும். தொழில்ல இதெல்லாம் சகஜம்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் ஒரு வடையை எடுத்துக் காக்காவுக்கு நேரே உயர்த்திக் காட்டிவிட்டு, ஒரு கடி கடித்தார். கடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அந்த வடை இல்லை. காக்கா சரியாகப் பார்க்கவில்லை என்று இரண்டாவது வடையை எடுத்தார். அதுவும் போயிற்று. பிறகு காக்காவின் பேச்சே இல்லை. சோற்றைச் சாம்பாரோடு பிசைந்து உருட்டினார், அவியலைத் தொட்டுக்கொண்டார், பாயசத்தை விரலால் வழித்தார். அப்பாவுக்கு என்று வைத்த இலையில் அப்பாவுக்கு ஒரு பருக்கை மிச்சமில்லை. எதிர்வீட்டுக் காக்கா கழுத்தைச் சாய்த்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, பின்தெருப் பக்கம் பறந்து போய்விட்டது.

என் வீட்டில் இதுவரைக்கும் இப்படி ஒன்று நடந்ததே கிடையாது. கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. இந்த ஆளை நம்பியா கையெழுத்துப் போட்டேன் என்று என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆவுடை மட்டும் பதறவில்லை. காலி இலையை எடுத்து மடித்துக் கீழே தென்னைமரத்தடியில் போட்டாள்.

"கிதியோன் அண்ணாச்சி, கையைக் கழுவுங்க" என்றாள். "காக்கா எடுத்தாச்சு."

கிதியோன் அவளைப் பார்த்தார், குற்றாலிங்கத்தைப் பார்த்தார். முதலில் சோறெடுத்தது எதுவோ அதுதான் காக்கா என்று அவருக்கும் கணக்குச் சரியாக வந்தது போலிருக்கிறது. மறுபேச்சு இல்லாமல் படி இறங்கினார். அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானும் இறங்கினேன்.

கீழே மூன்று இலை போட்டிருந்தாள். அக்கா புருஷன் ஆயிற்றே, அவருக்கும் ஒரு இலை. நான் ஒருவாய் உள்ளே போன பிறகுதான் மனுஷன் ஆனேன். கிதியோன் தலை நிமிராமல் சாப்பிட்டார். குற்றாலிங்கம் மேலே ஒன்றுமே நடக்காதவர் மாதிரி அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, டிவியின் பக்கம் தலையை ஆட்டினார்.

"காக்கா எடுத்தாச்சுன்னு நீயே உன் வாயால சொல்லிட்ட ஆவுடை. சாட்சி ரெண்டு பேரு இருக்காங்க. பேச்சு மாறக் கூடாது. செக்குல பேரை எழுது."

எனக்குக் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றுவிட்டது. அவள் சொன்னது சொன்னதுதான், நாங்கள் எல்லோரும் கேட்டோம். கிதியோனே சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். இந்த மனுஷனிடமிருந்து தப்பவே முடியாதா என்று எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

ஆவுடை வடைத் தட்டோடு அவர் இலைக்கு முன்னால் குனிந்தாள்.

"எழுதலாம் அத்தான். ஆனா காக்காவுக்குச் சோறு வைக்கத்தான் வழக்கம். செக்கு வைக்கிற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. இந்தாங்க, இன்னொரு வடை."